எங்க கை டெஸ்டர் இல்லை

"தொட்டுப் பாருடா, ஷாக் அடிக்குதான்னு."

செஞ்சியில், கோட்டைக்குப் போகிற திருவண்ணாமலை ரோட்டில், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் காதில் விழுந்த வார்த்தை இது. முதலாளி ஊர்க்காரர். நான் காலனி. எனக்குத் தண்ணி டம்ளர் தனி. நான் தொட்ட டம்ளர் ஆகாது. கரண்ட் ஏறின பெட்டியைத் தொட மட்டும் என் கை வேணும். தோழர்களே, இதுக்குப் பேர் தொழில் கத்துக்கிறதா?

பெட்டி ஏன் சுர்ருங்குது? பிளக் பாயிண்டில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. பவர் சப்ளையின் நுழைவிலுள்ள சின்னக் கண்டென்சர்கள் வழியாக, மெயின்ஸில் பாதி, 115 வோல்ட் அளவுக்கு, தகரப் பெட்டியில் ஏறி நிற்கும். ஓடுகிற கரண்ட் கொஞ்சம் என்பதால் சுர்ரென்பதோடு போகும். ஆனால் உள்ளே ஒயர் தோலுரிந்து தகரத்தில் பட்டிருந்தால் முழு 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். இரண்டில் எதுவென்று தொட்ட பிறகுதான் தெரியும். தெரிஞ்சுக்க ஆள் இருக்கணுமே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் கண்ணால் பார்: கருகின வாசனை, நைந்த ஒயர், வீங்கின பேட்டரி, ஈரம். பிளக்கைப் பிடுங்கு. யு.பி.எஸ்ஸில் மாட்டியிருந்தால் அதிலிருந்தும் கழற்று. சுவரில் பிடுங்கினாலும் அதன் பேட்டரி கரண்ட் கொடுக்கும். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார். பிடுங்கின பிறகும் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் டியூப் மானிட்டரில் 20,000 வோல்ட்டையும் தாண்டும். முறையாகக் கத்துக்காதவன் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து "தொற" என்பது கொலை முயற்சி.

அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷம் கடைக்கு நஷ்டமாம். எங்க உசிரு எந்தக் கணக்கிலும் வராது.

இந்தப் புத்தி புதுசில்லை. விஷவாயு பார்க்கக் கருவி இருக்கும்போதே, மலக்குழிக்குள் எங்க ஆளை இறக்கிப் பார்க்கிற அதே சாதிப் புத்தி. 2013இல் தடைச் சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்த பிறகு தருகிற தொகை ஏறுது, இறக்குவது நிற்கவில்லை. கருவி மாறிப்போச்சு, கம்ப்யூட்டர் வந்துபோச்சு. முதலில் சாக வேண்டியவன் மட்டும் மாறவில்லை.

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற தம்பி தங்கைகளே, தொழிலோடு இதையும் கத்துக்குங்க. எவனாவது "தொட்டுப் பாரு" என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்க. "மீட்டர் எங்கே? எர்த் எங்கே?" என்று கேளுங்க. இல்லையென்றால், "மொதல்ல நீங்க தொடுங்க" என்று சொல்லுங்க.

நான் சொன்னேன். வேலை போச்சு. கை இருக்கு.