விவாகரத்துக்குப் பிறகும் தொடரும் கையொப்பம்

"அதுதான் பிரிஞ்சு வந்திட்டாய் தானே, இனி என்ன பிரச்சினை?" என்று கேட்பவர்கள் எங்கட ஊர்களில் நிறையப் பேர். பிரச்சினையின் பெயர் கிரிப்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். வங்கியோ லீசிங் கம்பனியோ கடன் கொடுக்க முதல் அங்கே பார்க்கும். அந்த அறிக்கையில் நீங்கள் எடுத்த கடன் மட்டுமல்ல, பிணை நின்ற கடனும் இருக்கும். கலியாணம் கட்டின புதிதில் கணவர்ட ஓட்டோவுக்கு, பிறகு பட்டா லொறிக்கு என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்த பெண், பிரிந்த பின் தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்கும்போதுதான் அவர் கட்டாமல் விட்ட தவணைகள் தன் பெயரிலும் கிடப்பதை அறிகிறாள். மாவட்ட நீதிமன்றம் கலைப்பது கலியாணத்தை மட்டுமே. வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. "கடனை அவரே கட்டவேண்டும்" என்று தீர்ப்பில் இருந்தாலும், வங்கியைப் பொறுத்தவரை அது உங்கள் இருவருக்கும் இடையிலான கதை.

வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை, அது சீதனக் காணியாகவே இருந்தாலும், கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவரின் கடனுக்குப் பிணை நிற்கையில் அவள் விபரம் தெரிந்த மனிசி. தன் காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்கப்போனால் சின்னப்பிள்ளை!

பிரிந்து வாழ்ந்தாலும் இதே நிலைதான். சோரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், தீராத இயலாமை என மூன்றில் ஒன்றை நிரூபித்தால்தான் விவாகரத்து. வழக்கு இழுபடும். தீர்ப்பு வந்தாலும் அது முடிவாக்கப்பட ஆகக் குறைந்தது 3 மாதம். அதுவரை, விட்டுப்போன மனிசன்ட கையெழுத்துக்கு அவர் வீட்டுப் படலையில் நிற்கவேண்டும். அல்லது 8ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்கலாம். ஒரு வழக்குச் செலவுக்குக் காசு திரட்ட இன்னொரு வழக்கு.

"தேசவழமை எங்கட அடையாளம், அதில கை வைக்காதேங்கோ" என்று உடனே சிலர் வருவினம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தது, 1911இல் ஆங்கிலேயர் ஆட்சியில் மாற்றப்பட்டது, 1947இல் திரும்பவும் திருத்தப்பட்டது. அப்போதெல்லாம் அழியாத அடையாளம், ஒரு பெண் தன் காணிக்குத் தானே கையெழுத்து வைத்தால் அழிந்துவிடுமா? 6ஆம் பிரிவிலுள்ள அந்தச் சம்மதம் நீக்கப்படவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் முடியாது. பிரிவதென்று முடிவெடுத்தவுடன் உங்கட கிரிப் அறிக்கையை எடுங்கோ; தன் அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். கூட்டுக் கணக்கில் ஒருவர் தனியாகக் காசெடுக்கும் வசதியை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கோ. உங்கட கிரெடிட் கார்ட்டில் அவருக்கு மேலதிக அட்டை இருந்தால் அதையும் நிறுத்துங்கோ, ஏனெனில் செலவழிப்பது அவர், கடன்காரி நீங்கள். உங்கட தாலிக்கொடி அவர் பெயரில் அடகில் கிடந்தால் எப்போது, யார் மீட்பது என்பதை இணக்கப்பாட்டில் எழுதவையுங்கோ. ஏலம் போனபின் சீட்டு வெறும் கடதாசி.

பிணைதான் கஷ்டமானது. "இனி நான் பொறுப்பில்லை" என்று கடிதம் போட்டால் பிணை போகாது. கடன் கொடுத்தவர் வேறு பிணையாளியை ஏற்று உங்களை எழுத்தில் விடுவிக்கவேண்டும், அல்லது கடன் முடியவேண்டும். அவர் அதைச் செய்துமுடிக்க முதல் எந்த இணக்கப்பாட்டிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று வழக்கறிஞரோ பெரியப்பாவோ சொன்னாலும் சரி.

பெண்களுக்கான சட்ட உதவிக் கூட்டங்களில் தாபரிப்பு பற்றிச் சொல்லுகினம், பிள்ளைகளின் பொறுப்பு பற்றிச் சொல்லுகினம். கிரிப் பற்றி நாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்கப்போகிறோம், நீங்களும் வாங்கோ.