புரியாத குறிப்பும் பொறுப்பில்லாத யந்திரமும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தொழிலாளி நேரே யூனியன் ஆபீசுக்கு வருகிறார். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு. "என்ன எழுதியிருக்கு, தோழர்?" என்று கேட்கிறார். முழுக்க இங்கிலீஷ், நமக்கும் பாதி புரிவதில்லை. தன் உடம்பின் சங்கதியைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் இப்படி அலைய வேண்டுமா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். நோயாளியின் குறிப்புகளை அவருக்குத் தடையின்றிக் கொடுக்க வேண்டுமென்ற விதி 2021 ஏப்ரலில் அங்கே அமுலுக்கு வந்தது. காகிதம் கைக்கு வந்தது, அர்த்தம் வரவில்லை.

நியூயார்க்கில் லாங்கோன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 50 டிஸ்சார்ஜ் குறிப்புகளை எளிய நடையில் மாற்றி எழுதும் வேலையை ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவிடம் விட்டார்கள். 2024-ல் முடிவு வெளிவந்தது. பதினோராம் வகுப்புப் படிப்பு தேவைப்பட்ட குறிப்பு, ஆறாம் வகுப்புப் படித்தவருக்கும் எட்டியது. புரியும் தன்மைக்கான மதிப்பெண் 13 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாயிற்று. இதை மனமார வரவேற்கிறோம். விஞ்ஞானத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்ல நாம்.

ஆனால் மறுபக்கம் என்ன? டாக்டர்கள் செய்த 100 மதிப்பீடுகளில் 54-ல்தான் துல்லியத்துக்கு முழு மதிப்புக் கிடைத்தது. 18-ல் நோயாளிக்கு ஆபத்து நேரலாம் என்ற கவலை தெரிவிக்கப்பட்டது. முக்கியமான விஷயங்களை விட்டுவிட்டதே பெரும் குறை. இல்லாததை இருப்பதாக எழுதியதும் உண்டு.

இது சாதாரண விஷயமல்ல. குறிப்பு புரியாவிட்டால் நோயாளி நாலு பேரைக் கேட்பார். தெளிவாக எழுதிய தவறை யாரிடமும் கேட்கமாட்டார், அப்படியே நம்புவார். நிறுத்தவேண்டிய மாத்திரை பற்றிய ஒரு வரி விடுபட்டால், அதை விழுங்கிக்கொண்டே இருப்பார். அப்போது யார் பொறுப்பு? யந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பார்கள். உண்மைதான். யந்திரத்தால் நேரம் மிச்சமாகட்டும். ஆனால் அந்த நேரம் யாருக்கு? இன்னும் பத்து நோயாளிகளை அவசரமாகத் தள்ளிவிடவா, ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசவா? பிரச்னையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே நாம் சொல்கிறோம்: யந்திரம் நகல் எழுதட்டும், டாக்டர் வரிக்கு வரி படித்துக் கையெழுத்திடட்டும். நம் நாட்டில் அது தமிழில் வரட்டும். இங்கிலீஷில் தேறியது தமிழிலும் தேறிவிடும் என்று எண்ணாமல், தனியாகச் சோதிக்கட்டும். எழுத்தறியாதவருக்கு நர்ஸ் படித்துக் காட்டட்டும். அதற்கு வேண்டிய ஆட்களை சர்க்கார் நியமிக்கட்டும்.

தன் நோயைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதைச் சரியாகச் சொல்வது மனிதரின் கடமை.