விடுதி முற்றத்தில் விளையாட்டுக்கு இடம் வேண்டும்

ஒருவரையொருவர் அறியாத இளைஞர்களைப் பழக வைப்பதற்குக் குழு விளையாட்டைப் போல விரைவான வழி வேறில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவையும் அதை ஒட்டிய வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளையும் விட அந்த வழி அதிகம் தேவைப்படும் இடம் தமிழ்நாட்டில் குறைவு. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து இறங்குபவர்களில் பலர் பள்ளியோ பாலிடெக்னிக்கோ முடித்த கையோடு வந்தவர்கள். அவர்களுக்கு இயந்திரப் பாதுகாப்பு கற்பிக்கப்படுகிறது, சீருடையும் அடையாள அட்டையும் தரப்படுகின்றன. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பழகுவது மட்டும் அவரவர் சாமர்த்தியத்துக்கு விடப்படுகிறது. குழு விளையாட்டு பொங்கல், ஆயுதபூசை நாட்களோடு நின்றுவிடாமல் விடுதிகளின் வாராந்தர நடைமுறையாக வேண்டும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு ஆறு பேர். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது. முகக்கவசம் அணிந்து லைனில் நிற்பவருக்கு அடுத்து நிற்பவரின் கண்கள் மட்டுமே தெரியும். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஒரே அறையில் இருப்பவர்கள்கூட ஒருவர் தூங்கும்போது மற்றவர் கிளம்புகிறார்கள். இந்தத் தனிமையைப் போக்கக் கைப்பேசி போதாது.

தொழில் நகரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஆலைக்காக இளைஞர்களைத் திரட்டத் தெரிந்த நகரம் அவர்கள் விளையாட இடம் ஒதுக்கத் தவறியதை சிகாகோவின் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் 1909-இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். அவர் நிறுவனர்களில் ஒருவராக 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல மையத்தில் பல நாட்டுக் குடியேறிகள் கூடினார்கள். அங்கே நீவா பாய்ட் குழு விளையாட்டைப் பாடமாகவே கற்பித்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், மொழி பொதுவாக இல்லாதவர்களும் சேர்ந்து ஆடக்கூடிய நாடக விளையாட்டுகளை உருவாக்கினார்.

எந்த விளையாட்டு என்பதில் கவனம் தேவை. இசை நாற்காலி போன்றவற்றில் தோற்றவர் வெளியேற வேண்டும். கூச்சப்படுபவரே முதலில் வெளியேறி, மீதி நேரமெல்லாம் சுவரோரம் நிற்பார். யாரை உள்ளே இழுக்க வேண்டுமோ அவரையே அது தள்ளிவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு தமிழ்ப் பெண்களுக்குக் கொண்டாட்டம், ஒடியா பேசுபவருக்குத் தண்டனை. மாறாக, கொலைகொலையா முந்திரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடுவதும், அவர் எழுந்து துரத்துவதும், காலியான இடத்தைப் பிடிப்பதும்தான் ஆட்டம். ஆட்டத்தைவிட்டு ஒருவரையும் விலக்கத் தேவையில்லை. இதே ஆட்டம் இந்தி மாநிலங்களில் கோடா ஜமால் ஷாஹி, வங்கத்தில் ருமால் சோர். விதியை விளக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். பெயர் பழக இன்னும் எளியது உண்டு: வட்டமாக நின்று ஒருவர் பெயரைச் சொல்லிப் பந்தை எறிய, பிடித்தவர் அடுத்தவர் பெயரைச் சொல்லி எறிவது. பந்து இல்லையென்றால் சுருட்டிய துப்பட்டா போதும். நாள் முழுக்க நின்று கால் வலிப்பவர்களுக்கு ஐந்தாங்கல்லும் தாயமும் இருக்கின்றன.

விளையாட்டு என்ற பெயரில் இன்னொரு கட்டாய வகுப்பு முளைக்கக் கூடாது. வருகைப் பதிவு, மேலாளர் பார்வை, விளம்பரத்துக்கான வீடியோ ஆகிய மூன்றும் அங்கே வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடித்தவரின் தூக்கத்திலிருந்து நேரத்தை எடுக்கவும் கூடாது. குறைகளை மூடும் திரையாகவும் இது ஆகிவிடக் கூடாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். கெட்ட உணவுக்கும் நெரிசலுக்கும் விளையாட்டு பரிகாரம் அல்ல. ஆனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள், அறைத்தோழிக்குக் காய்ச்சல் என்றாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் சேர்ந்து போய் வார்டனிடம் சொல்வார்கள். நல்ல நிர்வாகம் அதை வரவேற்க வேண்டும்.

பயிற்றுநர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1993-இல் தொடங்கி 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. இளைஞர் பணியாளர்களைப் பயிற்றுவிப்பது அதன் வேலை. ஒவ்வொரு விடுதியிலிருந்தும் ஆர்வமுள்ள சில தொழிலாளர்களை, வெளிமாநிலத்தவரையும் சேர்த்து, அது பயிற்றுவிக்கலாம். பயிற்சி நாட்களுக்கு நிறுவனங்கள் சம்பளம் பிடிக்காமல் இருந்தால் போதும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு உணவகத்தையும், 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறையையும் வகுத்தது. விளையாடும் இடத்தைச் சட்டம் கேட்கும்வரை காத்திருக்காமல், பிள்ளைப்பாக்கத்தில் இனி எழும் விடுதிகளின் வரைபடத்திலேயே, வாகனம் நிறுத்தாத, சரக்கு அடுக்காத, விளக்கு வசதியுள்ள ஒரு முற்றத்தை சிப்காட் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.