திறக்காத சிப்பியும் வெளிநாட்டு பல் டாக்டர் சீட்டும்

நீட் ரிசல்ட் வந்தா போதும், தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல தொடங்கி எங்க வேம்பார் வரைக்கும் ஃப்ளெக்ஸ் முளைச்சிடும். "வெளிநாட்டில் பல் மருத்துவம்! குறைந்த கட்டணம்! அட்மிஷன் உறுதி!" வெள்ளை கோட்டு போட்ட, யாருன்னே தெரியாத ஒரு பொண்ணு சிரிச்சிக்கிட்டு நிக்கும். கீழே ரெண்டு மொபைல் நம்பர்.

இந்த வியாபாரத்து மேல எனக்கு ரொம்ப நாளாவே கோபம். காரணம் ஒண்ணே ஒண்ணுதான். விக்கிற சரக்கோட முக்கியமான குணத்தை மறைச்சுத்தான் விக்கிறாங்க. அதைச் சொன்னா பாதிப் பேர் வாங்காம எழுந்து போயிடுவாங்க.

பி.காம். படிக்கிறவனுக்கு பல்லுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பல்லுல வேலை இல்ல, கணக்குல இருக்கு. என் தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா, அவளுக்கு பல் டாக்டர் ஆகணும். அப்பா வள்ளத்தையும் எஞ்சினையும் பார்க்கிறார், அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாங்க. வீட்டுக்குள்ள ஃப்ளெக்ஸ் வந்துட்ட பிறகு சும்மா இருக்க முடியல மக்கா.

மறைக்கிற விஷயம் என்ன? பட்டம் வேற, லைசென்ஸ் வேற. அவ்வளவுதான்.

ஒரு நாட்டுல பல் மருத்துவம் படிச்சு முடிச்சா, பொதுவா அந்த நாட்டு வாசல்தான் திறக்கும். அதுவும் சில நாடுகள்ல உள்ளூர்த் தேர்வு எழுதின பிறகுதான். இன்னொரு நாட்டுல ஒரு பல்லைத் தொடணும்னா அந்த நாட்டுப் பதிவு வேணும். இந்தியாவுல 1948-ஆம் வருஷத்து பல் மருத்துவர்கள் சட்டம் வந்த காலத்துல இருந்தே பதிவு இல்லாம ப்ராக்டிஸ் பண்ண முடியாது. வெளிநாட்டுல பி.டி.எஸ். முடிச்சிட்டு வர்ற இந்தியப் பிள்ளைகளுக்குன்னு ஸ்கிரீனிங் தேர்வு விதிமுறை 2009-ல வந்துச்சு. தேசியத் தேர்வு வாரியம் அந்தத் தேர்வை நடத்திச்சு. 2023-ல நாடாளுமன்றம் நிறைவேற்றின தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டமும் இதைத் தளர்த்தல. நெக்ஸ்ட்னு ஒரு பொதுத் தேர்வைச் சொல்லுது. இங்க படிச்சவனும் எழுதணும், வெளியே படிச்சவனும் எழுதணும். பேர் மாறலாம், தேர்வு இருக்கும்.

இதை ஒரு கன்சல்டன்சி ஆபீஸ்ல நேரா கேட்டேன். அந்த அண்ணன் சிரிச்சிக்கிட்டே, "அது சும்மா ஃபார்மாலிட்டி தம்பி, வந்து எழுதிக்கலாம்"னார். அஞ்சு வருஷப் படிப்பைச் செல்லாக்காசாக்கக்கூடிய ஒரு தேர்வு அவருக்கு ஃபார்மாலிட்டி! அவரோட கமிஷன் முதல் வருஷமே வந்துடும்ல, வேற எப்படித் தோணும்?

"இந்தியாவுக்கு எதுக்குத் திரும்பணும்? அங்கிருந்து அப்படியே லண்டன், அமெரிக்கா போயிடலாம்"னு அடுத்த தூண்டில் வரும். இதுதான் பெரிய ஏமாத்து. பிலிப்பைன்ஸ்ல ஆறு வருஷம் படிச்ச பிள்ளையும் சென்னையில அஞ்சு வருஷம் படிச்ச பிள்ளையும் பிரிட்டன்ல ஒரே வரிசையிலதான் நிக்கணும். வெளிநாட்டுப் பட்டக்காரங்களுக்கு அங்க ஓ.ஆர்.இ.ன்னு ரெண்டு பகுதித் தேர்வு இருக்கு. அதுல உக்காரவே இடத்துக்குக் காத்துக் கிடக்கணும். ஆஸ்திரேலியாவுல ஆவணச் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. கனடாவுல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா தேர்வுகள். அமெரிக்காவுல ஐ.என்.பி.டி.இ.ன்னு 2020-ல வந்த தேசியத் தேர்வு. அதோட, பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸ் வாங்க அங்குள்ள கல்லூரியில மறுபடியும் ரெண்டு மூணு வருஷம் காசு கட்டிப் படிக்கணும். அப்போ நடுவுல ஒரு மூணாவது நாட்டுப் பட்டத்துக்குக் கொட்டின காசுக்கு என்ன கூடுதல் பலன்? முகநூல்ல போட பனிமழை போட்டோ. அவ்வளவுதான்.

"சரி, நேரா லண்டன்லயே, அமெரிக்காவுலயே படிச்சா?" நியாயமான கேள்வி. ஆனா ஃப்ளெக்ஸ்ல இந்த நாடுகளோட விண்ணப்ப விவரம் ஏன் இருக்கிறதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா?

பிரிட்டன்ல யூகாஸ் வழியா அக்டோபர் 15-க்குள்ள விண்ணப்பிக்கணும். படிப்பு தொடங்குறது அடுத்த வருஷம் செப்டம்பர் வாக்குல. பல் மருத்துவத்துக்கு நாலு கல்லூரிதான் போட முடியும். யூகேட்னு தனித் தேர்வு, அப்புறம் நேர்காணல். இங்கிலாந்துல கல்லூரிக்கு எத்தனை பல் மருத்துவ சீட்டுன்னு அரசாங்கமே வரம்பு போட்டிருக்கு, அதுல வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது சொற்பம். கட்டணம் பல இடங்கள்ல வருஷத்துக்கு 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பவுண்டை 100 ரூபான்னு குறைச்சே வைப்போம். வருஷத்துக்கு 40 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 2 கோடி. சாப்பாடு, ரூம் வாடகை தனி.

அமெரிக்காவுல ப்ளஸ் டூ முடிச்ச கையோட பல் மருத்துவம் சேர்றது பொதுவா நடக்காது. முதல்ல பட்டப்படிப்பு, அதுக்குள்ள உயிரியல், வேதியியல் பாடங்கள், அப்புறம் டேட் தேர்வு, அதுக்கு மேல நாலு வருஷம். அந்த நாட்டு அரசின் கல்விக் கடன் நமக்குக் கிடையாது. தனியார் கடன் வேணும்னா பெரும்பாலும் அங்கேயே இருக்கிற ஒருத்தர் பொறுப்புக் கையெழுத்துப் போடணும். வேம்பார்ல வலை இழுக்கிறவருக்கு டெக்சாஸ்ல யார் கையெழுத்துப் போடுவா?

ஆக, படிப்புக்கு மதிப்பு இருக்கிற இடத்துல நம்ம காசு பத்தாது. நம்ம காசு பத்துற இடத்துப் படிப்பு அந்த எல்லையைத் தாண்டினா தானா செல்லாது. இந்த ரெண்டு வரியை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான்.

இப்போ கடன் கணக்கு. வருஷத்துக்கு 5 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 25 லட்சம்னு ஒரு 'குறைந்த கட்டண' நாட்டை எடுத்துக்குவோம். வட்டி 10 சதவீதம். ரெண்டும் கணக்குக்காக நான் வச்ச எண்தான், உங்க எண்ணைப் போட்டு நீங்களே பாருங்க. ஒவ்வொரு வருஷத் தொடக்கத்துலயும் 5 லட்சம் வாங்கினா, முதல் தவணைக்கு அஞ்சு வருஷ வட்டி 2.5 லட்சம், அடுத்ததுக்கு 2, அப்புறம் 1.5, 1, அரை. வட்டிக்கு வட்டி போடாமலே மொத்தம் 7.5 லட்சம். பிள்ளை விமானத்துல இருந்து இறங்குற அன்னிக்கு கடன் 32.5 லட்சம். அதுக்கு மாச வட்டி மட்டும் 27 ஆயிரம் சொச்சம். இந்த நேரத்துலதான் 'சும்மா ஃபார்மாலிட்டி' தேர்வுக்கு உக்காந்து படிக்கணும். சம்பளம் பூஜ்யம்.

பேங்க்ல சும்மா தருவாங்களான்னா, 7.5 லட்சத்துக்கு மேல போனா வழக்கமா சொத்து ஜாமீன் கேப்பாங்க. வீடு, மனை, பனங்காடு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குன்னு மத்திய அரசு 2009-ல கொண்டுவந்த வட்டி மானியத் திட்டம் இந்தியாவுக்குள்ள படிக்கிறவங்களுக்குத்தான். சிறுபான்மைப் பிள்ளைகள் வெளிநாட்டுல படிக்க 'படோ பர்தேஷ்'னு ஒரு வட்டி மானியம் இருந்துச்சு. அது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான், பி.டி.எஸ்.ஸுக்கு எப்பவுமே இல்ல. அதையும் 2022-23-ல நிறுத்திட்டாங்க. "மானியம் வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா எந்தத் திட்டம்னு எழுத்துல கேளுங்க.

எங்க கடற்கரை இதை முன்னாடியே பார்த்த கடற்கரை. வேம்பார் முத்துக்குளித்துறையோட ஏழு ஊர்கள்ல ஒண்ணு. அந்தக் காலத்து அரசாங்க முத்துக்குளிப்புல குளியாளுக்கு மூணுல ஒரு பங்கு சிப்பி. அரசாங்கத்தோட பங்கை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க, திறக்காமலே. உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையான்னு எடுத்தவன் வீட்டுல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். முத்து இல்லேன்னா நஷ்டம் எடுத்தவனுக்கு, ஏலம் விட்டவனுக்கு ஒண்ணும் இல்ல. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல நடந்து முடிஞ்சுது. ஏலம் மட்டும் நிக்கல போல. சிப்பிக்குப் பதிலா அட்மிஷன் லெட்டர். அந்தக் காலத்து வியாபாரிக்காவது திறக்காத சிப்பியைத்தான் வாங்குறோம்னு தெரியும். நம்மாளுங்க முத்துன்னு நினைச்சே காசு கட்டுறாங்க.

இதுக்கு வர்ற பதில்களையும் பார்த்துடலாம்.

"இங்க சீட்டே கிடைக்கலியே?" அரசு சீட்டுக்கு அடிதடிதான், ஒத்துக்கறேன். ஆனா நாடு முழுக்க 300-க்கும் மேல பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. 2020-21-ல முதலாண்டு பி.டி.எஸ்.ஸுல சுமார் 7,000 இடம் காலியாக் கிடந்து, உச்ச நீதிமன்றமே 2021 பிப்ரவரியில தகுதி மதிப்பெண்ணை 10 பெர்சன்டைல் குறைக்கச் சொல்லுச்சு. இங்க நாற்காலி காலி, அங்க போய் கடன்ல நாற்காலி வாங்குறோம். இங்க தனியார் கல்லூரியும் லட்சங்கள்தான், மறுக்கல. ஆனா முடிச்சதும் இந்த நாட்டுல பதிவுக்குத் தனியா ஒரு வெளிநாட்டுப் பட்ட முத்திரையோட நிக்க வேண்டியதில்ல.

"போனவங்க நல்லா இருக்காங்களே?" இருக்காங்க. அதுல பலர் முதல்ல இங்க பி.டி.எஸ். முடிச்சிட்டு, அப்புறம் அந்த நாட்டுத் தேர்வை எழுதிப் போனவங்க. அந்த வழியும் லட்சக்கணக்குல செலவு வைக்கும், வருஷங்களைத் தின்னும். ஆனா நடுவுல தோத்தாலும் கையில ஒரு லைசென்ஸ் இருக்கும், ஊருக்கு வந்து கிளினிக் போடலாம். ஃப்ளெக்ஸ் வழியில தோத்தா கையில கடன் மட்டும்தான். 2022-ல உக்ரைன்ல குண்டு விழுந்தப்போ ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்களை ஆபரேஷன் கங்கான்னு விமானம் வச்சுக் கூட்டிட்டு வந்தாங்களே, உயிரோட வந்துட்டாங்கன்னு சந்தோஷப்பட்டோம். பாதிப் படிப்பை எங்க முடிக்கிறதுன்னு அவங்க அலைஞ்சதை எத்தனை பேர் கவனிச்சோம்?

அரசாங்கத்தையும் விடுறதா இல்ல. 2020-ல தமிழ்நாட்டுல அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவம், பல் மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. நல்ல சட்டம், கை தட்டினவன்தான் நானும். ஆனா அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. எங்க கடற்கரை ஊர்கள்ல சாமியார்களும் சிஸ்டர்களும் நடத்துற உதவி பெறும் பள்ளிகள்லதான் பல வலைகாரர் பிள்ளைகள் படிக்குது. அதே வறுமை, அதே தமிழ் வழி, ஒதுக்கீடு மட்டும் இல்ல. அப்படி வெளியே நிக்கிற பிள்ளையைத்தான் ஏஜென்ட் தேடி வர்றான்.

அவனைக் கேக்க ஒரு ஆள் வேணாமா? எங்க ஊர்ப் பசங்க கப்பலுக்குப் போகும்போது ஏஜென்ட்கிட்ட முதல்ல கேக்கிற கேள்வி "ஆர்.பி.எஸ்.எல். இருக்கா?"ங்கிறதுதான். கப்பல் துறை இயக்குநரகம் தர்ற உரிமம் அது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவனுக்கு 1983-ஆம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டத்துல பதிவு உண்டு. படிக்க அனுப்புறவன் அந்தச் சட்டத்துக்குள்ள வரல. பஞ்சாப்ல 2012-ல ஒரு சட்டம் போட்டு, வெளிநாடு அனுப்புற ஆலோசனை ஆபீஸ்களுக்கும் உரிமம் வேணும்னு வச்சாங்க. அங்கயும் மோசடி ஒழிஞ்சிடல, ஆனா புகார் கொடுக்கப் பிடிச்சுக்க ஒரு பிடி இருக்கு. தமிழ்நாட்டுலயும் அப்படி ஒரு உரிமம் வேணும். ஒவ்வொரு ஃப்ளெக்ஸ்லயும் "இந்தப் பட்டத்தோடு இந்தியாவில் பதிவு பெறத் தனித் தேர்வில் தேற வேண்டும்"னு 'அட்மிஷன் உறுதி' அளவுக்கே பெரிய எழுத்துல போடணும்னு கட்டாயமாக்கணும். சிகரெட் பெட்டியில போடலையா?

அது வர்ற வரைக்கும், ரூபா கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்க.

1. இந்தப் பட்டத்தோட எந்தெந்த நாட்டுல, என்ன தேர்வு எழுதினா நான் பல் டாக்டரா பதிவு பண்ண முடியும்?

2. இதே கல்லூரியில முடிச்சு இந்தியாவுல பதிவு வாங்கின ரெண்டு பேரோட நான் பேச முடியுமா?

3. உங்களுக்குக் கல்லூரி எவ்வளவு கமிஷன் தருது?

மூணாவது கேள்விக்கு மூஞ்சி எப்படி மாறுதுன்னு மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் தானா புரியும்.

என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன், நீ பல் டாக்டர் ஆகு, அதுக்கு நான் கூட நிக்கிறேன். இன்னொரு வருஷம் படிச்சு நீட் எழுது. ஆனா எந்த ஊர்ல நாற்காலி போடப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணு, அப்புறம் எந்த ஊர்ல படிக்கிறதுன்னு பார்ப்போம். அவ முறைச்சா. அம்மா மட்டும் சங்கிலியை மறுபடி சேலைக்குள்ள விட்டுக்கிட்டாங்க.

பி.கு.: கன்சல்டன்சி நடத்துற அண்ணன்மார் தாராளமா வந்து திட்டலாம். ஆனா கணக்கோட வாங்க.