இன்னுமா பொம்மைப் புத்தகம்?

படம் போட்ட கதையைப் படிப்பது படிப்பே ஆகாது என்ற நம்பிக்கை, புத்தகம் வாங்குகிற வீடுகளில்தான் ஆழமாக வேரோடிக் கிடக்கிறது. பாடப்புத்தகத்தைத் தவிர மற்ற அச்சுக் காகிதமெல்லாம் எடைக்குப் போட வேண்டியது என்று நினைக்கிற வீடுகளோடு எனக்குச் சண்டையில்லை. அங்கே கல்கியும் காமிக்ஸும் ஒரே தராசில்தான் ஏறுகின்றன, அதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. நான் சொல்வது அலமாரியில் பொன்னியின் செல்வனும் மோகமுள்ளும் வைத்திருக்கிற தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளை. அங்கே சித்திரக் கதைக்குப் பத்து வயசு வரைக்கும் அனுமதி. அதற்குமேல் கையில் கண்டால் “இன்னுமா பொம்மைப் புத்தகம்?” என்று ஒரு கேள்வி வந்து விழும்.

என் அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு அத்தை ஒருத்தி வாங்கி அனுப்பியது ‘மிஸ் மார்வெல்’ முதல் 11 இதழ்களும் சேர்ந்த கெட்டி அட்டைத் தொகுப்பு. அண்ணன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பின்னட்டையில் விலையைப் பார்த்தார். “இந்தக் காசுக்கு நீட் கைடு ரெண்டு வாங்கியிருக்கலாம்” என்றார். “நீங்க ஒரு பக்கமாவது படிச்சுட்டுச் சொல்லுங்கப்பா” என்றாள் அவள். அவர் படிக்கவில்லை. இந்த நம்பிக்கையை வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை, அதுதான் விஷயமே.

படித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 2014இல் தொடங்கிய கதை. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், படம் பெரும்பாலும் ஏட்ரியன் அல்ஃபோனா. ஜெர்சி சிட்டியில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பத்தில் கமலா கான் என்று ஒரு பதினாறு வயசுப் பெண். ராத்திரியில் வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள். சக்தி கிடைத்ததும் அவள் முதலில் என்னவாக மாறுகிறாள் என்று நினைக்கிறீர்கள்? தான் கும்பிடுகிற சூப்பர் ஹீரோவைப் போலவே பொன்னிற முடியும் வெள்ளைத் தோலுமாக மாறுகிறாள். மாறிய பிறகுதான் தெரிகிறது, முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடுப்பு உறுத்துகிறது. இன்னொருத்தியாக இருப்பது சகிக்கவில்லை. சிவப்பழகு கிரீம் விற்காத மளிகைக் கடை இல்லாத டெல்டாவில் பதினாறு வயசுப் பெண் படிக்கவேண்டிய கதை இதைவிட வேறென்ன இருக்கிறது? இவ்வளவுக்கும் அந்தப் பக்கங்களில் உபதேசம் கிடையாது. ஆற்றில் விழுந்தவளைத் தூக்க ஒரு கை ராட்சத அளவுக்கு வளர்கிறது, அவ்வளவுதான்.

இதே தொகுப்பின் வில்லன் இன்னும் வேடிக்கை. எடிசனின் நகலாக உருவாக்கப்பட்டு, இடையில் ஒரு வளர்ப்புக் கிளியின் மரபணு கலந்துபோய், கிளித் தலையோடு கோட்டு போட்டு நடக்கிற ஆசாமி. வீட்டை விட்டு வந்த பிள்ளைகளை இயந்திரத்துக்கு மின்கலமாக மாட்டுகிறான். பிள்ளைகளும் சம்மதித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். உங்கள் தலைமுறை உலகத்துக்குப் பாரம், இப்படியாவது பயன்படுங்கள் என்று யாரோ பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதை அவர்களும் நம்பிவிட்டார்கள். அண்ணன் இந்த இடத்தையாவது படித்திருக்கலாம். முதல் 5 இதழ்களின் தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. விருதைச் சொன்னால்தான் நம் ஆட்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள், அதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

“படம்தான் எல்லாத்தையும் காட்டிடுதே, மூளைக்கு என்ன வேலை?” என்பார்கள். போன சம்பா அறுவடையின்போது மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்று குவித்த நெல்லைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு விவசாயி, ஐம்பதைத் தாண்டியவர். மடியில் ‘இரத்தப் படலம்’ வண்ணத் தொகுப்பு. நினைவிழந்து, கழுத்தெலும்பருகே பதின்மூன்று என்று ரோம எண்ணில் பச்சை குத்தியிருக்கும் ஒருவனின் கதை. வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கியது. லயன் காமிக்ஸ் அதைத் தமிழில் கொண்டுவந்து, 2018இல் வண்ணத்தில் கெட்டி அட்டை போட்டுத் தந்தது. அவர் ஒரு பக்கம் படிப்பார், நிறுத்துவார், முப்பது நாற்பது பக்கம் பின்னால் போவார், ஒரு முகத்தை உற்றுப் பார்ப்பார், மறுபடி முன்னால் வருவார். முன்பு ஒரு மூலையில் வந்துபோன ஆள்தானா இவன் என்று சரிபார்க்கிறார். எழுத்தில் அது சொல்லப்படவில்லை, படத்தில்தான் இருக்கிறது. இதைப் படிப்பு இல்லை என்கிறவர்கள் வேறு எதைத்தான் படிப்பு என்கிறார்கள்? மாதாமாதம் தனித்தனியாக வாங்கியவருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. முந்தைய புத்தகம் பரணில் கிடக்கும், அல்லது மச்சான் வாங்கிக்கொண்டு போயிருப்பான். கெட்டி அட்டை ஆடம்பரம் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருகிறவர்கள் காமிக்ஸுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள். “நானும் சின்ன வயசுல இரும்புக்கை மாயாவி படிச்சவன்தான் சார், அதுல ஆரம்பிச்சுதான் சுஜாதாவுக்கு வந்தேன், அப்புறம் தி. ஜானகிராமன்” என்று கண்ணில் ஈரம் மினுங்கச் சொல்வார்கள். ஏறி முடித்ததும் எட்டி உதைக்கவா ஏணி? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. அது பிரிட்டிஷ் வார இதழான வேலியன்ட்டில் 1962இல் தொடங்கிய கதை, ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். கட்டத்துக்குள் ஒரு கை கதவுப்பிடிமேல் இருக்கும். அவன் குனிந்து நிற்கிறானா, ஒருக்களித்து நிற்கிறானா, பின்னால் யாராவது வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்பதெல்லாம் படிக்கிறவன் தலைக்குள் நடக்கவேண்டியது. முதல் கதையில் அவன் நல்லவனும் இல்லை, திருடுகிறான், ஊரை மிரட்டுகிறான். அவன்மேல் பிரியமும் வைக்கவேண்டும், அவன் செய்வது தப்பு என்றும் தெரியவேண்டும். பத்து வயசில் அதைச் சமாளித்தவர்கள், ஐம்பதில் அது வெறும் முதல் படி என்கிறார்கள். ஜானகிராமனை யாரும் அடுத்த படிக்குப் போகும் வழி என்று புகழ்வதில்லையே.

கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் குற்றத்துக்கு இழுக்கிறது என்று புத்தகம் போட்டார். செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி எழுதிக்கொண்டார்கள். ஆறு பத்தாண்டு நெருங்கும்போது கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் குறிப்புகளைத் தோண்டி, பிள்ளைகள் சொன்னதை அவர் வளைத்தும் திருத்தியும் எழுதியிருக்கிறார் என்று காட்டினார். நம் ஊர் வாத்தியார்கள் வெர்தாம் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். தீர்ப்பு மட்டும் அதேதான்.

“நம்ம பண்பாட்டுல இதெல்லாம் ஏது?” என்பது கடைசி அம்பு. திருவாரூர்த் தியாகராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் தேவாசிரிய மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்தது, ஓவியர் பெயர் சிங்காதனம். விதானம் முழுக்கப் பட்டை பட்டையாகக் காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னது நடக்கிறது என்று தமிழில் எழுத்து. கதாநாயகன் முசுகுந்தன், குரங்கு முகம். தேவலோகத்துக்கே போய் அசுரனோடு போரிட்டு இந்திரனைக் காப்பாற்றுகிறான், ஒன்றுபோல் இருக்கிற ஏழு மூர்த்திகளில் நிஜமான தியாகராஜரை அடையாளம் கண்டு ஆரூருக்குக் கொண்டுவருகிறான். முகமும் விசித்திரம், சக்தியும் விசித்திரம், வரிசையாகக் கட்டங்கள், கீழே எழுத்து. தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசை கட்டி நிற்கின்றன, மேலே பெயர் வெட்டியிருக்கிறது. உடனே ‘காமிக்ஸைக் கண்டுபிடித்ததே தமிழன்’ என்று கிளம்பிவிட வேண்டாம், அந்தப் பட்டியல் ஏற்கனவே நீளம். நான் சொல்வது இவ்வளவுதான்: படமும் எழுத்துமாகக் கதை படிப்பது சிறுபிள்ளைத்தனம் என்றால், அந்த மண்டபத்தில் கழுத்து வலிக்க நின்ற அத்தனை பேரும் சிறுபிள்ளைகள்.

காமிக்ஸ்காரர்கள்மீதும் எனக்குக் குறை உண்டு. தமிழில் வரும் தடித்த தொகுப்புகள் பெரும்பாலும் பழைய வாசகர்களின் ஏக்கத்துக்குத் தீனி. ஐம்பது வயசு ஆண்கள் தங்கள் பத்து வயசைத் திரும்ப வாங்குகிறார்கள். அண்ணன் மகளுக்குத் தமிழில் ஒரு கமலா கான் இல்லை. அவள் ஆங்கிலத்தில் படிக்கிறாள், அரசுப் பள்ளியில் படிக்கும் அவள் வயசுப் பெண்ணுக்கு அந்த வழியும் சிரமம்தான். பொம்மைப் புத்தகம் என்று ஊரே ஒதுக்கிவைத்திருக்கும்போது புதிதாக எழுதவும் வரையவும் யார் காசு போடுவார்கள்?

இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். காமிக்ஸ் அரங்கின் முன்னால் நிற்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், பொது அறிவு வினா விடை வாங்கிக் கொடுக்கிற அப்பாக்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1931இல் கண்டறிந்தவர் யார் என்று அதில் ஒரு கேள்வி இருந்தாலும் ஆச்சரியமில்லை. எஸ்.கே. கோவிந்தசாமி என்று பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். கிழவராக வந்த சிவன் ஓலையைக் காட்டிச் சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்துவதும், சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை போவதும் அந்தச் சுவரில் அடுத்தடுத்து ஓடுகின்றன என்று அதற்கு யாரும் சொல்லப்போவதில்லை. பரீட்சையில் அது வராது.