சுண்டுவிரல் மோதிரம்
வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தாலே டொராண்டோத் தமிழ் வீடுகளில் ஒரே வழக்கு: கம்ப்யூட்டர் சயின்ஸா, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கா? முன்னது அங்கே கணித பீடத்தின் பிள்ளை. பின்னதைக் கணிதமும் பொறியியலும் சேர்ந்து வளர்க்கின்றன. இன்ஜினியரிங் என்றால் இடையிடையே நான்கு மாதம் வேலைக்குப் போகும் கோ-ஆப் கட்டாயம், பாடங்களும் பெரும்பாலும் வகுத்துவைத்தவை. சயின்ஸில் கோ-ஆப் அவரவர் விருப்பம். பொருளியலோ இசையோ எட்டிப்பார்க்கவும் இடம் உண்டு. அப்பாக்கள் காதில் இதெல்லாம் ஏறுவதில்லை. கனடாவில் பொறியியல் முடிப்பவர்கள் சுண்டுவிரலில் அணிகிறார்களே, அந்த இரும்பு மோதிரத்தின் மேல்தான் அவர்களுக்குக் கண். நேர்முகத்தில் விரலை யார் பார்க்கிறார்கள்? நிரல் எழுதச் சொல்கிறார்கள். பதினேழு வயதில் மனம் இன்னும் அலைபாய்கிற பிள்ளைக்கு நான் கணித பீடத்தைத்தான் சொல்வேன், அப்பா முறைத்தாலும்.