பழ ஈக்களை இனம் அறிதல்

நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள செம்மண் கிராமங்களில் மா, கொய்யா, பாகல், புடல் ஆகியவை அருகருகே பயிராகின்றன. இவற்றின் காய்கனிகளில் புழு விழச் செய்யும் பூச்சிகள் யாவற்றையும் ‘பழ ஈ’ என்று ஒரே பெயரால் வழங்குகிறோம். இவ்வழக்கத்தால் பயிரிடுவோருக்கு நஷ்டமே உண்டாகிறதென்பது எமது அபிப்பிராயம்.

மாவைக் கெடுக்கும் ‘டார்சாலிஸ்’ ஈயின் சிறகு முன்னோரத்தில் அறுபடாத கரும்பட்டை ஓடும். கொய்யாவில் காணும் ‘கரெக்டா’ ஈக்கு அப்பட்டை இடையில் அற்று, சிறகு நுனியில் ஒரு புள்ளியாக நிற்கும். முகத்தில் குறுக்கே கருங்கோடு இருக்கும். பாகல், புடலைத் தாக்கும் ‘குக்கர்பிட்டே’ ஈயோ செம்பழுப்பு நிறமுடையது. அதன் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் உண்டு.

இப்பேதம் ஏட்டளவில் நிற்பதன்று. முன்னிரண்டின் ஆண் ஈக்கள் மெதில் யூஜினாலை நாடும்; மூன்றாவதின் ஆண் ஈக்கள் கியூ லூரை நாடும். பாகற்பந்தலில் மெதில் யூஜினால் பொறியைக் கட்டினால் குக்கர்பிட்டே அதில் விழாது. ஈயே இல்லையென்று அசட்டையாயிருப்பவர் பிஞ்சு அழுகிய பின்னரே உண்மையை அறிவர்.

இனம் துணிதல் வல்லுநர்களுக்கும் எளிதன்று. ஆப்பிரிக்காவில் பரவிய ஓர் ஈக்கு 2005ல் ‘இன்வாடென்ஸ்’ என்று புதுப்பெயர் இடப்பட்டது. அது டார்சாலிஸே என்று 2015ல் முடிவாயிற்று.

ஆகையால் புழுவைப் பார்த்தமட்டில் இனம் சொல்லுதல் தகாது. புழு விழுந்த காய்களை மணல் பரப்பிய சட்டியிலிட்டுத் துணியால் மூடுக. வெளிவரும் ஈக்களுக்குச் சர்க்கரை நீர் அளித்து, நிறம் முற்றச் சில நாள் விடுக. பின்னர் பயிர், கிராமம், தேதி எழுதிய சீட்டுடன் வேளாண்மை அலுவலகத்தில் சேர்ப்பிக்க. கிராம அதிகாரிகள் இதற்கு முன்னின்று உதவ வேண்டும். இனம் தெரிந்த பின்னரே பொறிக்குப் பணம் செலவிடுதல் நலம்.